கழித்துவிட்ட ரிசீவருக்குக் களப்போரத்தில் ஒரு வேலை

புத்தளம் மாவட்டக் கரையில் சிலாபம் தொடங்கிக் கற்பிட்டி வரைக்கும் உள்ள அமெச்சூர் வானொலியாளர்களுக்கும், படகு செட்டும் கைபேசியும் திருத்திப் பிழைக்கும் தம்பி தங்கைமாருக்கும்,



2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் நாட்டுக்குள் நுழைந்தது. அடுத்து வந்த நாட்களில் நடந்ததை இந்தக் கரைக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஓயாக்கள் கரை மீறின, சிலாபம் வெள்ளத்தில் கிடந்தது, நாடெங்கும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தனர். மின்சாரம் முதலில் போனது. கைபேசிக் கோபுரங்களின் பற்றரிகள் சில மணி நேரம் தாங்கிவிட்டு அதன் பின்னாலேயே போயின. இருபத்தொரு வருடங்களுக்கு முன்னர், 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோதும் கதை இதுதான். அப்போது இலங்கை வானொலிச் சங்கத்தின் தலைவராக இருந்த விக்டர் குணதிலக்கவும் சக அமெச்சூர்களும் அம்பாந்தோட்டைக்கும் கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்கும் இடையில் சிற்றலையில் ஓர் இணைப்பை ஏற்படுத்தினார்கள். அந்தமானில் அதே நாட்களில் இந்திய அமெச்சூர் பாரதி பிரசாத் போர்ட் பிளேயரிலிருந்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். வேறொரு காரியத்துக்காகக் கொண்டுபோன செட் அது.

சிற்றலை தூரத்துக்கு உதவும். அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்பைப் பிடிக்க அது போதும். ஆனால் கற்பிட்டியில் ஒருவர் கையில் செட்டோடு நின்று, களப்பின் மறுகரையில் புத்தளம் நகரில் இன்னொருவர் கையிலுள்ள செட்டோடு பேச வேண்டுமென்றால் சிற்றலை சுற்றுவழி. அதற்கு வேண்டியது உயரத்தில் நின்று கேட்டு, கேட்டதை அக்கணமே திருப்பிச் சொல்லும் ஒரு ரிப்பீட்டர். அதில் பாதிப் பெட்டியைப் பற்றித்தான் இந்த மடல்: ரிசீவர். அதுவும் புதியதல்ல, வாடகைக் கார் நிறுவனமோ காவல் நிறுவனமோ கட்டட ஒப்பந்தக்காரரோ கைபேசி வந்தபின் கழித்துவிட்ட யூஎச்எஃப் ரிசீவர்.

கழிவுச் சாமானா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு பழைய சேதி. இந்தத் தீவில் வானொலி பிறந்ததே கழிவுச் சாமானில்தான். 1921இல் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1923இல் மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிறு அறையிலிருந்து கிராமஃபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். ஒலிபரப்பிய கருவியைத் தந்திப் பொறியாளர்கள் கட்டியது, முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாமான்களைக் கொண்டு. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. ஆசியாவின் முன்னோடி நிலையங்களில் ஒன்று என்று நாம் பெருமை பேசும் வானொலியின் தாய்ப்பெட்டி, எதிரியின் கப்பலில் கழற்றியது. இரண்டாம் போர் முடிந்தபோதும் இப்படித்தான்: லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் இருந்த ஆர்1155 ரிசீவர்கள் பிரித்தானிய அமெச்சூர்களின் மேசைகளில் பல வருடங்கள் பாடின.

அமெச்சூர் எஃப்எம் ரிப்பீட்டர் என்ற பழக்கமே இப்படிப் பிறந்த பிள்ளை. அமெரிக்காவில் வணிக வானொலிகளின் அலைப்பெயர்ச்சியை 15 கிலோஹேர்ட்ஸிலிருந்து 5 கிலோஹேர்ட்ஸாக ஒழுங்குமுறைச் சபை குறுக்கியதும், பொலிஸ், டாக்சி செட்டுகள் அடிமாட்டு விலைக்கு வந்தன. 1960களில் அமெச்சூர்கள் அவற்றை வாங்கித் தங்கள் அலைக்குத் திருப்பினார்கள். சபை இன்னொரு முறையும் குறுக்கியது. 2013 ஜனவரி 1இலிருந்து 512 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள வணிகத் தடங்கள் 25 கிலோஹேர்ட்ஸ் அகலத்திலிருந்து 12.5க்கு இறங்க வேண்டும் என்று உத்தரவு. நேற்றுவரை ஓடிய நல்ல பெட்டிகள் ஒரே இரவில் சட்டப்படி வேலையற்றுப் போயின. உலகச் சந்தையில் இன்று சுற்றும் பழைய அகலத்தட ரிசீவர்கள் பலவற்றின் பின்னால் அந்தத் திகதி இருக்கிறது. நம்மவர்கள் கையில் இருக்கும் மலிவுக் கைச்செட்டுகள் பெரும்பாலும் அதே அகலத்தடத்தில்தான் பேசுகின்றன. ஆக, அங்கே ஒதுக்கப்பட்டது இங்கே அளவாகப் பொருந்துகிறது.

இனி, ஏன் ரிசீவருக்கு இத்தனை வரிகள்? ரிப்பீட்டர் என்றதும் நம் பையன்கள் முதலில் கேட்பது எத்தனை வோட் என்றுதான். ஐம்பது வோட் ஏற்றினால் அனுராதபுரம் வரை கேட்குமாம். கேட்கட்டும். ஆனால் பேசுகிறவன் கையில் இருப்பது நான்கைந்து வோட், விரல் நீள ரப்பர் அன்ரெனா, இடுப்பளவு தண்ணீர். அவன் குரல் கோபுரத்தை எட்டாவிட்டால் கோபுரம் எத்தனை வோட்டில் கத்தினாலும் அது வாய் பெருத்துக் காது மந்தமான மனிதர்தான். சங்கிலியின் நலிந்த முனை எப்போதும் கைச்செட்டு. அதைத் தூக்கி எடுப்பது ரிசீவர்.

இரண்டு மலிவுக் கைச்செட்டுகளை வயரால் இணைத்து ரிப்பீட்டர் என்று பெயர் சூட்டும் வித்தை இப்போது பரவலாக உள்ளது. மேசையில் அழகாக வேலை செய்யும். கோபுரத்தில் ஏற்றினால் செவிடாகும். அந்தச் செட்டுகளில் வானொலி முழுவதும் ஒற்றைச் சில்லில் அடக்கம். அதன் முன்வாசலில் வேண்டாததைத் தடுக்கும் வடிகட்டி மெலிந்தது. ஒரு நல்ல வணிக ரிசீவர் கால் மைக்ரோவோல்ட் சமிக்ஞையையும் தெளிவாகக் கேட்கும். பக்கத்திலேயே, அதே கோபுரத்தில், 25 வோட்டில் ஒலிபரப்பி பேசிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையிலான வலு வித்தியாசம் இருபதாயிரம் இலட்சம் கோடி மடங்கு, அதாவது சுமார் 163 டெசிபல். அந்த இரைச்சலுக்குள் அந்த முனகலைப் பிரித்தெடுக்க டூப்ளெக்சர் என்ற குழாய் வடிகட்டிகள் பாதி வேலையைச் செய்யும். மீதியை ரிசீவரின் சொந்த முன்வாசல் செய்தாக வேண்டும்.

அந்த முன்வாசலுக்கு ஹெலிக்கல் என்று பெயர். மோட்டோரோலாவின் மைக்கோர், ஜெனரல் எலக்ட்ரிக்கின் மாஸ்டர் டூ போன்ற 1970களின் பெட்டிகளிலிருந்து பின்னாளைய கென்வூட், டெய்ட் நிலைய ரிசீவர்கள் வரை பலவற்றில் இந்தக் குடும்பத்தைக் காணலாம். மூடியைத் திறந்தால் வரிசையாகச் சின்னச் சின்ன உலோக அறைகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பித்தளைத் திருகாணி, அதைப் பூட்டும் ஒரு நட். 440 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் கால் அலைநீளம் சுமார் 17 சென்ரிமீற்றர். அந்த நீளக் கம்பியைச் சுருளாக்கி, ஓர் அறைக்குள் குந்தவைத்திருக்கிறார்கள். திருகாணி உள்ளே இறங்க இறங்கச் சுருளின் தலைக்கும் அதற்கும் இடையே கொள்ளளவம் ஏறும்; அறை இசையும் அலைவெண் கீழே இறங்கும். திருப்பும் வேலை என்பது சாரத்தில் இவ்வளவுதான்: 450க்கு மேலே இசைந்த வரிசையை 440க்குக் கீழே கொண்டுவருவது.

சாரம் இவ்வளவு என்றாலும், கெடுத்தவர்கள் நிறையப் பேர், பெரும்பாலும் அவசரத்தால். பெட்டி வந்தவுடன் திருகாணியில் கை வைக்கக்கூடாது. முதலில் உடலிலுள்ள இலக்கத்தகட்டைப் படித்து எந்த அலைத்துண்டுக்குச் செய்தது என்று பாருங்கள். ஒரே மாதிரிப் பெட்டி 403இல் தொடங்கும் துண்டிலும் வரும், 450இல் தொடங்குவதிலும் வரும், 480க்கு மேலும் வரும். கடைசி வகையை இலவசமாகத் தந்தாலும் அமெச்சூருக்கு வேண்டாம். அடுத்து, பெட்டி இப்போது எந்த அலைவெண்ணில் இருக்கிறதோ அங்கேயே அதன் உணர்திறனை அளந்து எழுதிவையுங்கள். ஏற்கனவே செவிடான பெட்டியைத் திருப்பிவிட்டு, திருப்பியதால்தான் செவிடானது என்று மண்டையை உடைப்பதில் பயனில்லை.

கிறிஸ்டல் பெட்டியென்றால் கணக்கு கொஞ்சம் போட வேண்டும். உள்ளலை, அதாவது ஐஎஃப், 21.4 மெகாஹேர்ட்ஸ் உள்ள ஒரு ரிசீவர், கேட்கவேண்டியது 439.5 என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் உள் அலைவி, அதாவது ஒசிலேட்டர், 418.1இல் ஓட வேண்டும். கிறிஸ்டலை 27 மடங்கு பெருக்கும் சுற்றானால் வெட்டிக்கேட்க வேண்டிய கிறிஸ்டல் 15.485185 மெகாஹேர்ட்ஸ். இதே உள்ளலைக்கு இன்னொரு நிழல் வாசலும் உண்டு, 396.7இல். ஹெலிக்கலைச் சரியாக இழுக்காவிட்டால் அந்த வாசல் வழியே யாரோ ஒருவருடைய பேச்சு உங்கள் ரிப்பீட்டருக்குள் நுழையும். பொலிஸாரோ படையினரோ ஆனால், அடுத்த நாள் உங்கள் வாசலுக்கே வருவார்கள்.

கணினியால் அலைவெண் ஏற்றும் பெட்டிகளுக்குக் கிறிஸ்டல் தேவையில்லை. வேறொரு தலைவலி உண்டு. 1990களின் மோட்டோரோலா ஜிஎம்300 போன்றவற்றின் மென்பொருள் டொஸ் காலத்தது. இன்றைய வேகக் கணினியில் அது தடுமாறும். பட்டறை மூலையில் தூசி படிந்த பழைய மடிக்கணினியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மென்பொருள் அலைவெண்ணை ஏற்றுக்கொண்டாலும் உள்ளே இருக்கும் அலைவி அவ்வளவு கீழே இறங்கிப் பூட்டுமா என்பது தனிக் கேள்வி. பூட்டாவிட்டால், சில பெட்டிகளில் அதற்கும் ஒரு திருகாணி உண்டு.

இப்போது ஹெலிக்கல். 455இல் இருந்த பெட்டியை நேரே 439.5க்குக் குதிக்கவைத்தால் எதுவும் கேட்காது, எந்தத் திருகாணி எங்கே நிற்கிறது என்றும் தெரியாது. படியிறங்குங்கள். 455இல் பலமான சோதனைச் சமிக்ஞை கொடுத்து, மானியின் முள்ளைப் பார்த்து, எல்லா அறைகளையும் உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 452. முள் விழும், ஒவ்வொரு திருகாணியையும் கால் சுற்று, அரைச் சுற்று உள்ளே விட்டால் திரும்ப எழும். பிறகு 449. இரும்புத் திருப்புளி வேண்டாம், அது பக்கத்தில் வந்தாலே இசைவு மாறும், பிளாஸ்டிக்கோ பீங்கானோ. சமிக்ஞையை ஒவ்வொரு படியிலும் குறைத்துக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் உச்சம் எங்கே என்று முள் சொல்லாது. நட்டை இறுக்கும்போது திருகாணி ஒரு மயிரிழை கூடவே சுழலும். இறுக்கிய பிறகு முள்ளைப் பார்ப்பவரே கெட்டிக்காரர். கடைசியில் ஏதாவது ஓர் அறையின் திருகாணி முழுவதும் உள்ளே போயும் உச்சம் வராமல் நின்றால், அதே புரியுள்ள நீளமான பித்தளைத் திருகாணி ஒன்று பெரும்பாலும் போதும். சுருளில் கை வைப்பதை இறுதிக்கு விடுங்கள்.

எந்த அலைவெண்ணுக்குத் திருப்புவது? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் மூன்றாம் வட்டாரமான நமக்கு 430 முதல் 440 மெகாஹேர்ட்ஸ் வரை அமெச்சூருக்கு இரண்டாம் நிலை உரிமையோடு ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் எந்தத் துண்டு, எந்த வலு என்பதை உங்கள் உரிமப் பத்திரம் சொல்லும். ரிப்பீட்டருக்குத் தனி அனுமதியும் குறித்த அலைவெண்ணும் வேண்டும். ஆனால் கேட்கப்போகும்போது ஒரு யோசனையோடு போவது நல்லது. 435 முதல் 438 வரை அமெச்சூர் செய்மதிகளின் இடம், அங்கே ரிப்பீட்டர் வைப்பது அண்டை வீட்டு வாசலில் குப்பை கொட்டுவதைப் போல. 433.92 என்ற எண்ணும் நினைவில் இருக்கட்டும். தானியங்கிக் கேற், வாகனச் சாவி, வீட்டு அலாரம் என்று சீனத்துச் சின்னப் பெட்டிகளில் பெரும்பங்கு அங்கேதான் கூவுகின்றன. உங்கள் ரிசீவரை அதன் அருகில் வைத்தால் நகரில் கார் பூட்டும் ஒவ்வொருவரும் உங்களுக்குச் சேதி அனுப்புவார்கள்.

ஆகவே இந்த மடலின் பரிந்துரை: ரிப்பீட்டர் கேட்பது மேலே, 439.5 போல, பேசுவது ஐந்து மெகாஹேர்ட்ஸ் கீழே, 434.5 போல. வணிகப் பெட்டியின் 450க்கு 439.5 மிக அருகில் இருப்பதால் ஹெலிக்கல் வருத்தமில்லாமல் இறங்கும். ஐந்து மெகாஹேர்ட்ஸ் இடைவெளிக்குச் சின்ன டூப்ளெக்சரே போதும். அதுவும் பழைய சந்தையில் அகப்படும். கோபுரத்துக்குப் பக்கத்து வீட்டாரின் கேற் ரிப்பீட்டர் பேசும் நேரத்தில் திறக்க அடம்பிடிக்கலாம், அந்த மலிவு ரிசீவர்களுக்குப் பக்கத்து அலையைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அவர்களிடம் முன்கூட்டியே ஒரு தேநீரோடு பேசிவைப்பது உத்தமம்.

எவ்வளவு தூரம்? இந்தக் கரை தட்டை. மலையில்லை, ஆனால் தடுப்பதற்கும் எதுவுமில்லை. இரு கைச்செட்டுகள் நேருக்கு நேர் பேசினால், இரண்டும் தரையிலிருந்து இரண்டு மீற்றர் உயரமென்றால், வானொலி அடிவானம் பன்னிரண்டு கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். முப்பது மீற்றர் உயரத்தில் அன்ரெனா வைத்த ரிப்பீட்டருக்கு அதே கைச்செட்டு சுமார் 28 கிலோமீற்றர் வரை எட்டும். கற்பிட்டியிலிருந்து புத்தளம் நகர் பாலாவி சுற்றிப் போனால் நீண்ட வழி. களப்பின் மேல் நேர்கோடு சுமார் 23 கிலோமீற்றர் மட்டுமே. குடாநாட்டின் நடுவில், நுரைச்சோலைப் பக்கம் ஒரு கம்பம் கிடைத்தால் கண்டல்குழியும் மாம்புரியும் நகரும் ஒரே வட்டத்துக்குள் வரும். உடப்பும் சிலாபமும் தெற்கே இன்னொரு பெட்டி கேட்கும்.

தட்டைக் கடலுக்கு ஒரு குறும்பும் உண்டு. சோளகம் எழுமுன், காற்றடங்கிக் கடல் எண்ணெய்போலக் கிடக்கும் நாட்களில், கடல்மேல் படியும் சூடான காற்றுப் படலம் அலைகளைக் குழாய்க்குள் விட்டதுபோலக் கொண்டுசெல்லும். தூத்துக்குடி கற்பிட்டியிலிருந்து சுமார் 190 கிலோமீற்றர். அந்நாட்களில் தமிழ்நாட்டு எஃப்எம் இங்கே பக்கத்து வீட்டு ரேடியோ போலப் பாடுவதை அறியாதவர் இங்கே குறைவு. யூஎச்எஃப்புக்கும் இது பொருந்தும். எனவே ரிசீவருக்கு 67 முதல் 254 ஹேர்ட்ஸ் வரையுள்ள தாழ்தொனிகளில் ஒன்றைக் காவலாக வைப்பது இந்தக் கரையில் கட்டாயம். தொனி இல்லாத குரலுக்கு வாசல் திறக்கக்கூடாது. ஆனால் தொனி காதை மூடுமே தவிர, உள்ளே வந்த அலை செய்யும் சேதத்தைத் தடுக்காது. அதற்கு மறுபடியும் ஹெலிக்கல்தான்.

சமிக்ஞை கூட வேண்டுமென்று முன்னால் ஒரு பெருக்கியைச் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கைபேசிக் கோபுரத்தின் நிழலில் அதைச் செய்யாதீர்கள். பெருக்கி நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் பெருக்கும்.

மின்சாரம் பற்றிக் கவலை குறைவு. இந்தப் பெட்டிகள் வாகனத்துக்குப் பிறந்தவை, 13.8 வோல்ட் போதும். கேட்டுக்கொண்டு சும்மா இருக்கையில் அரை அம்பியர் இழுத்தால் நாளுக்கு 12 அம்பியர்-மணி. ஒரு 100 அம்பியர்-மணிப் பற்றரியும் கூரையில் ஒரு சூரியத் தகடும் கோபுரங்கள் மௌனமாகும் நாட்களைத் தாண்டிவிடும். ஒலிபரப்பியைத்தான் அடக்க வேண்டும்: வாகனச் செட்டை இடைவிடாமல் முழு வலுவில் பேசவைத்தால் வெந்துபோகும். பாதி வலுவும் ஒரு மின்விசிறியும் போதும்.

இனி இடறும் இடம். பழைய இரும்புக்கடையில் செட் கிடைத்தால் காசு கொடுத்துத் தூக்கிவரலாம் என்பது தவறு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 1991ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ், 1996 திருத்தத்தோடு உருவானது. வானொலிக் கருவியை இறக்குமதி செய்யவும் வைத்திருக்கவும் இயக்கவும் அதன் அனுமதி வேண்டும். கையில் ஒரு வோக்கிடோக்கி இருந்தாலே சோதனைச்சாவடியில் இறக்கிவிடப்பட்ட காலத்தை இந்த மாவட்டத்தில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பற்றுச்சீட்டோடு, கொடுத்தவர் யாரென்ற எழுத்தோடு வாங்குங்கள். அமெச்சூர் பரீட்சையையும் ஆணைக்குழுவே நடத்துகிறது. ஈயம் பிடிக்கத் தெரிந்த கைக்கு அந்தப் பாடம் மலையல்ல. வணிகப் பேச்சுக்கு அமெச்சூர் அலையில் இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இறால் விலையையும் ஐஸ் லொறி எத்தனை மணிக்கு என்பதையும் கேட்க ரிப்பீட்டர் அல்ல, கைபேசி இருக்கிறது. கடலுக்குள் ஆபத்தென்றால் படகுகளுக்குக் கடல்சார் அலைவரிசை 16, அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸ், இருக்கிறது. அமெச்சூர் ரிப்பீட்டர் அதற்கு மாற்றல்ல. கரையிலுள்ளவர்கள் ஒருவரையொருவர் தேடும் வழி.

இந்தக் கரைக்குப் பெரிய வானொலி புதிதில்லை. சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலவில் அமெரிக்கக் குரலின் சிற்றலை நிலையம், மீனவரும் கத்தோலிக்க மக்களும் காட்டிய எதிர்ப்பையும் மீறி எழுந்தது, ஆசியா முழுவதுக்கும் பேசியது, 2016இல் நின்றது. 2020இல் அந்தக் கட்டடம் கொரோனா நோயாளருக்கான வைத்தியசாலையாயிற்று. அத்தனை வலுவான கம்பங்கள் நின்ற கரையில், முந்தலிலிருந்து பாலாவிக்கு ஒரு சொல் சொல்ல அந்தக் கம்பங்கள் எக்காலத்திலும் உதவியதில்லை. அவை அதற்கு அமைந்தவையும் அல்ல.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் எந்தக் கருவியைப் பற்றியும் பேச முடியாது. உப்பளங்களுக்கு நடுவே வாழ்கிறோம். ஹெலிக்கல் அறைகளின் உட்பூச்சு வெள்ளி. அது கறுத்தால் பெரிய மோசமில்லை, பச்சைக் களிம்பு பிடித்தால்தான் இழப்பு. அன்ரெனா இணைப்புக்கு என் வகை கனெக்டர் போடுங்கள்; பழைய பிஎல்-259 இந்த அலைவெண்ணில் ஒழுகும், தண்ணீரும் குடிக்கும். தானாக ஒட்டும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றி, மேலே சாதாரண நாடா. பெட்டியை மழை புகாமல் மூடி, அடியில் ஒரு சிறு துளை விடுங்கள், வியர்த்தது வடியட்டும்.

கழற்றிய கிறிஸ்டலை எறியாமல் ஒரு பொலித்தீன் உறையில் போட்டு மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். அதன் மேலேயே எந்தத் திகதியில், எந்த அலைவெண்ணிலிருந்து எதற்குத் திருப்பினீர்கள், முன்னும் பின்னும் எத்தனை மைக்ரோவோல்ட் என்று எழுதுங்கள். மூன்று வருடங்கழித்து அந்தப் பெட்டியைக் கம்பத்திலிருந்து இறக்கித் திறக்கப்போவது நீங்களாக இருக்காது. இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் யாரோ ஒருவர்.